சாகும் ஊர் என்று பெயர் பெற்ற சிவித்தா

இத்தாலி நாட்டின் தலைநகராகிய ரோமாபுரியிலிருந்து வடக்கு நோக்கி ஏறத்தாழ 75 மைல் சென்றால், வித்தெர்போ மாவட்டத்திலே பஞ்ஞோரேஜோ என்னும் சிற்றூரை அடையலாம். அவ்வூரின் கீழ்க்கோடியிலே சாலை முடிந்துவிடுகிறது. முடிந்த இடத்தில் நின்று நோக்குவோர்க்கு எதிரே அகன்று ஆழ்ந்த பள்ளத்தாக்கு ஒன்று தோன்றும். அதன் நடுவே ஒரு செங்குத்தான பாறை தனித்து நிற்கும். அப்பாறையின் உச்சியிலே ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கல்வீடுகளும், அவற்றுக்கு மேலே ஓங்கிய ஒரு மணிக்கூண்டும் காணப்படும். அதுவே சிவித்தா.

அங்கே செல்வதற்கு உள்ள வழி ஒரே ஒரு நடைபாலம். நீளம் ஏறத்தாழ 1,000 அடி. முடியும் இடத்தில் மூச்சு வாங்கும்படி மேலேறும் பாலம் அது. மோட்டார் வண்டிகளுக்கு அதில் இடமில்லை. ஊரார் மட்டும் சிறு மூன்று சக்கர வண்டிகளிலும் இருசக்கர மோட்டார்களிலும் பண்டங்களை ஏற்றிச் செல்வர். முற்காலத்தில் இவ்வேலையைக் கழுதைகள் செய்தன.

'சிவித்தா' என்னும் சொல், நகரம் எனப் பொருள்படும் 'சிவித்தாஸ்' என்ற இலத்தீன் சொல்லின் திரிபு. அஃதாவது, ஒரு காலத்தில் நகரம் என்ற தகுதி இதற்கே இருந்தது. இன்று சாலையின் முடிவிலே நாம் நின்ற பஞ்ஞோரேஜோ அக்காலத்தில் ரோத்தா என்று பெயர் பெற்ற புறஞ்சேரியே. இன்றோ நிலைமை தலைகீழாகிவிட்டது. புறஞ்சேரி நகராயிற்று, நகரத்திலே குளிர்காலத்தில் நிலையாகத் தங்குவோர் பத்துப் பதினைந்து பேருக்கு மேல் இலர். இம்மாற்றம் நேர்ந்த வரலாற்றைத்தான் ஈண்டுச் சொல்லப் புகுகின்றோம். இவ்வூரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் மண்ணின் மேலேயே பழியைப் போட்டு முடித்துவிடுகின்றனர். மண் செய்தது பாதி; மற்றப் பாதி எங்கே போயிற்று என்பதையும் பார்த்தல் வேண்டும்.

முதலில் மண்ணைப் பார்ப்போம். இவ்வட்டாரம் முழுவதும் பழைய எரிமலைகளின் நாடு. அருகிலுள்ள போல்சேனா ஏரியே எரிமலை வெடித்து அமிழ்ந்த பெரும்பள்ளத்தில் நீர் நிறைந்து உண்டானதுதான். மூன்று இலட்சம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழங்காலத்தில் அவ்வெரிமலைகள் கக்கிய சாம்பலும் கல்லும் இந்நிலத்தின் மேல் கனமாகப் படிந்து இறுகின. அப்படி இறுகிய கல்லுக்கு 'தூஃபோ' என்று பெயர். வெட்டுதற்கு எளிது, வெட்டிய பின் காற்றுப்பட்டு உறுதிப்படுவது, மஞ்சளும் பழுப்பும் கலந்த நிறம் கொண்டது. இதனால் கட்டிய சுவர் மாலை வெயிலில் பொன்போல் தோன்றும்.

ஆனால் இந்தத் தூஃபோவின் அடியில் இருப்பது பாறையன்று, களிமண். எரிமலைகள் தோன்றுவதற்கு முன்னே இவ்விடம் கடலாக இருந்தபோது படிந்த களிமண் அது. மேலே கனத்த கல், கீழே மெத்தென்ற மண்: இதுதான் சிவித்தாவின் அமைப்பு. மலையின் இருபுறத்தும் இரண்டு ஓடைகள் ஓடுகின்றன. ஒன்றன் பெயர் ரியோ கியாரோ. தெளிநீர் ஓடை எனலாம். மற்றொன்று ரியோ தோர்பிதோ, கலங்கல் ஓடை. தெளிந்ததும் கலங்கியதுமாகிய இவ்விரண்டும், மழையுடன் சேர்ந்து, அடியிலுள்ள களிமண்ணை இரவும் பகலும் கரைத்துக்கொண்டே இருக்கின்றன. களிமண் கரைந்தால் மேலுள்ள கல்லுக்குப் பிடிப்பு இல்லை. முதலில் விளிம்பிலே நெடிய வெடிப்பு விழும். அவ்வெடிப்புக்குள் நீர் இறங்கும். பின்னர் ஒருநாள் வீட்டளவு பெரிய கட்டி ஒன்று பிரிந்து பள்ளத்தில் வீழும். கரைந்து எஞ்சிய களிமண் மேடுகள் கத்தி முனைபோல் கூர்ந்து, புல்லும் முளையாமல், பள்ளத்தாக்கு முழுவதும் நிற்கின்றன. இவற்றை அந்நாட்டார் 'கலாங்கி' என்பர். பார்ப்பதற்கு அழகாகத்தான் இருக்கின்றன. ஆயினும் அவை ஒவ்வொன்றும் ஒருகாலத்தில் உழுநிலமாகவோ ஊராகவோ இருந்திருக்கக்கூடிய தரையின் எலும்புகள்.

இத்தகைய இடத்தில் யார்தான் ஊர் அமைப்பர் என்று வினவலாம். அமைத்தவர் எத்ருஸ்கர் என்னும் பழங்குடியினர். காலம் இன்றைக்கு 2,500 ஆண்டுகளுக்கு முன். ரோமர் தலையெடுப்பதற்கு முன்னே இத்தாலியின் நடுப்பகுதியில் ஓங்கி வாழ்ந்தவர்கள் அவர்கள். அவர்களுடைய எழுத்தைப் படிக்க முடிகிறது. மொழியோ இன்னும் முழுவதும் பிடிபடவில்லை. உயரமான பாறையின் மேல் ஊர், அடியிலே விளைநிலம், சுற்றிலும் பாறையைக் குடைந்து கல்லறைகள்: இஃது அவர்களுடைய முறை. பகைவரை அஞ்சியவர்களுக்குச் செங்குத்தான பாறையைவிடச் சிறந்த மதில் ஏது? அருகிலுள்ள ஒர்வியேத்தோ நகரமும் இவ்வாறே தூஃபோப் பாறையின் மேல் அமைந்ததுதான். அங்கே இருந்ததாக அறிஞர் பலரும் கொள்ளும் எத்ருஸ்கரின் பெருநகரை ரோமர் கி.மு. 264-இல் அழித்து, மக்களைப் போல்சேனா ஏரிக்கரைக்குப் பெயர்த்தனர். சிவித்தாவும் காலப்போக்கில் ரோமர் ஆட்சியுள் அடங்கிற்று.

எத்ருஸ்கர் விட்டுச்சென்ற தடங்களை இன்றும் காணலாம். ஊருக்குள் நுழையும் வாயிலே அவர்கள் பாறையைக் குடைந்த வழி. ஊரின் அடியிலே புக்கயோனே எனப்படும் நீண்ட சுரங்கம் ஒன்று மலையை ஊடுருவிப் பள்ளத்தாக்கில் திறக்கிறது. வீடுகளின் கீழே நிலவறைகள். அவற்றில் சில கல்லறைகளாக இருந்து, பின்னர் மது வைக்கும் அறைகளாகி, பின்னர் கோழிக்கூடாகவும் தொழுவமாகவும் ஆயின. முன்னோர் குடைந்த பொந்தைப் பின்னோர் வீணாக்கவில்லை.

ரோமப் பேரரசு சிதைந்த பின் இந்நாட்டைக் கோத்தியரும் லொம்பார்தியரும் மாறிமாறி ஆண்டனர். பஞ்ஞோரேஜோ என்னும் பெயருக்கு 'அரசன் குளித்த இடம்' என்று பொருள். லொம்பார்திய மன்னன் தெசிதேரியுஸ் இங்கிருந்த வெந்நீரூற்றில் நீராடி நோய் நீங்கினான் என்று ஒரு கதை வழங்குகிறது. கதை இனியதுதான், ஆனால் நிற்காது. ஏனெனில் தெசிதேரியுஸ் 8-ஆம் நூற்றாண்டினன். கி.பி. 600-ஐ ஒட்டி வாழ்ந்த பாப்பரசர் பெரிய கிரகோரியாரின் கடிதத்திலேயே இவ்வூரின் பெயர் வந்துவிடுகிறது. அரசனுக்கு முன்னே பெயர் பிறந்திருக்கின்றது! ஊர்ப்பெயருக்குப் பின்னால் ஓர் அரசனைத் தேடிப் பிடித்து நிறுத்தும் வழக்கம் எந்நாட்டுக்கும் பொது போலும்.

இடைக்காலத்தில் சிவித்தா தன்னாட்சி பெற்ற நகரமாய், மேற்றிராணியார் ஒருவரின் இருக்கையாய்ச் சிறந்திருந்தது. ஒர்வியேத்தோவின் பெருங்குடியினராகிய மொனால்தெஸ்கி குடும்பத்தார் இங்கே கோட்டை கட்டி ஊரை அடக்கி ஆள முயன்றனர். 1457-இல் ஊரார் எழுந்து அக்கோட்டையை இடித்தனர். இன்றும் சாந்தா மரியா வாயிலின் இருபுறத்தும் இரண்டு கற்சிங்கங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் தன் நகங்களுக்கிடையே ஒரு மனிதத் தலையைப் பற்றிக்கொண்டிருக்கும். கொடுங்கோலரை ஊரார் வென்றதன் அடையாளம் இஃது என்பர். மழையிலும் காற்றிலும் தேய்ந்து சிங்கத்தின் முகம் மழுங்கிவிட்டது. பிடி மட்டும் தளரவில்லை.

இவ்வூர் உலகுக்கு அளித்த பெருஞ்செல்வம் புனித பொனவெந்தூரா. 13-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிறந்தவர், இயற்பெயர் ஜொவான்னி. சிறுவயதில் அவர் கடும் நோயுற்றுக் கிடந்தபோது அசிசியின் பிரான்சிஸ் அடிகளே நேரில் வந்து தொட்டுக் குணப்படுத்தி, 'நற்பேறு' எனப் பொருள்படும் 'பொனா வெந்தூரா' என்று மகிழ்ந்து கூறினார், அதுவே பெயராயிற்று என்று ஊரார் சொல்வர். பொனவெந்தூராவே எழுதி வைத்ததோ இன்னும் எளியது: தம் அன்னை பிரான்சிஸ் அடிகளை நினைந்து நேர்ந்துகொண்டதால் தாம் சாவினின்று மீண்டதாக மட்டுமே அவர் கூறுகிறார். தாயின் நேர்த்தி போதாதா? பின்வந்தோர் அதற்கு மேல் அலங்காரம் செய்துவிட்டனர்.

அவர் பாரிசு நகரில் கற்று, அங்கேயே ஆசிரியரானார். 1257-இல் பிரான்சிஸ்கத் துறவியர் அனைவர்க்கும் தலைவரானார். அந்த ஆண்டிலேயே அவரும் தாமஸ் அக்வினாசும் பாரிசுப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களாக ஏற்றுக்கொள்ளப்பட்டனர். பொனவெந்தூரா எழுதிய பிரான்சிஸ் அடிகளின் வரலாறு எத்துணை மதிப்புப் பெற்றதென்றால், 1266-இல் கூடிய துறவியர் பேரவை, அதற்கு முன் எழுதப்பட்ட வரலாறுகளையெல்லாம் அழித்துவிடுமாறு கட்டளையிட்டது. ஆராய்ச்சியாளர் இன்றும் வருந்தும் கட்டளை அது. நல்லவேளையாகச் சில படிகள் தப்பின. 1274-இல் லியோன் நகரில் திருச்சபைப் பொதுச்சங்கம் நடந்துகொண்டிருந்தபோதே பொனவெந்தூரா காலமானார். அச்சங்கத்துக்குப் புறப்பட்ட அக்வினாசு அவருக்கு நான்கு மாதங்கள் முன்னரே வழியில் இறந்துபோயிருந்தார். பெருங்கவி தாந்தே தம் காவியத்தின் விண்ணுலகப் பகுதியில், சூரிய மண்டிலத்திலே பொனவெந்தூராவை நிறுத்தி, அவர் வாயாலேயே ஊர்ப்பெயரையும் சொல்ல வைத்தார். இங்ஙனம் பஞ்ஞோரேஜோ காவியத்துள் இடம்பெற்றுவிட்டது.

லியோனில் இருந்த அவர் உடலை 1562-இல் மதப்போரின்போது எரித்துவிட்டனர். அதற்கு முன்னரே ஒரு கை மட்டும் பிறந்த ஊருக்கு வந்து சேர்ந்திருந்தது. அத்திருக்கை வெள்ளிப் பேழையில் பஞ்ஞோரேஜோவின் தேவாலயத்தில் போற்றப்படுகிறது. அவர் பிறந்து வளர்ந்த வீடு எங்கே என்று கேட்டால் சிவித்தாவின் விளிம்புக்கு அழைத்துச் செல்வார்கள். அங்கே ஒரு நினைவுக்கல் இருக்கிறது, வீடு இல்லை. வீடு நின்ற தரையே பள்ளத்தில் போய்விட்டது.

இனி மற்றப் பாதிக்கு வருவோம். 1695 ஜூன் 11-ஆம் நாள் பெரும் நிலநடுக்கம் ஒன்று இவ்வட்டாரத்தை உலுக்கிற்று. சிவித்தாவில் வீடுகள் இடிந்தன. ரோத்தாவுடன் அதனை இணைத்திருந்த மண்வழி சிதைந்தது. மக்கள் மாண்டனர். ஆயினும், இடிந்த ஊர்களைத் திரும்பக் கட்டுதல் இத்தாலியருக்குப் புதிதன்று. இங்கே நடந்தது வேறு. நகராட்சி மன்றத்தார் ரோத்தாவுக்குப் பெயர்ந்தனர். சில ஆண்டுகளில், 1699-இல், மேற்றிராணியாரும் தம் இருக்கையை அங்கே மாற்றிக்கொண்டார். இருக்கை போனதும் அதனைச் சார்ந்த குருமார், கணக்கர், வழக்குரைப்போர், வணிகர், கைவினைஞர் எல்லாரும் ஒருவர்பின் ஒருவராகப் போயினர். உழவர் மட்டும் எஞ்சினர். பள்ளத்தாக்கில் வயலும், மலைமேல் வீடுமாக அவர்கள் பின்னும் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அங்கே வாழ்ந்தனர். வாழ முடியாத இடமாயின் அவர்கள் எங்ஙனம் வாழ்ந்தனர்? ஒரு நிலநடுக்கம் சிவித்தாவைக் காயப்படுத்திற்று. அதிகாரமும் செல்வமும் அதனைக் கைவிட்டன. இவ்விரண்டனுள் எது பெரிய அடி என்பதில் எமக்கு ஐயமில்லை. பதினெட்டாம் நூற்றாண்டிலும் பின்னரும் மண் மேலும் மேலும் சரிந்து, ரோத்தாவுக்குச் சென்ற வழி கத்தி முனைபோல் மெலிந்தபோது, அதைத் தாங்கிப் பிடிக்கக் கேட்டுப் பெறக்கூடிய செல்வாக்குடையோர் சிவித்தாவில் இல்லை.

ஊருக்குள் காண வேண்டியவை பல இல்லை. உள்ளவை நெஞ்சில் நிற்பவை. வாயிலைக் கடந்ததும் மறுமலர்ச்சிக் காலத்து மாளிகை ஒன்றின் முகப்பு எதிர்ப்படும். அழகிய சாளரங்கள். அச்சாளரங்களின் வழியே உள்ளே நோக்கினால் அறை தெரியாது, வானம் தெரியும். மாளிகையின் பின்பகுதி பாறையோடு பிரிந்து பள்ளத்தில் வீழ்ந்தது. முகப்பு மட்டும் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. சிவித்தாவின் வரலாற்றை ஒரு சுவரில் எழுதி வைத்தாற்போல் இருக்கின்றது இது.

அங்கிருந்து சில அடிகளில் ஊர்ச் சதுக்கம். கல் பாவாத வெறுந்தரை. ஒருபுறம் புனித தொனாத்தோ தேவாலயம். 1699 வரை மேற்றிராணியாரின் தலைமைத் தேவாலயமாக இருந்தது இதுவே. உள்ளே 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மரத்தாலாகிய பாடுபட்ட சுரூபம் ஒன்று உள்ளது. 1499-இல் கொள்ளைநோய் பரவியபோது, நாள்தோறும் அதன்முன் வந்து அழுது மன்றாடிய பெண்ணொருத்தியிடம் அச்சுரூபம் பேசிற்று என்றும், நோய் நீங்கும் என்று உரைத்ததென்றும், நோய்க்கு இறுதிப் பலியானவள் அவளே என்றும் கதை உண்டு.

இச்சதுக்கத்தில் ஜூன் மாதத்திலும் செப்டம்பர் மாதத்திலும் கழுதைப் பந்தயம் நடக்கும். 'தொன்னா' என்று பெயர். வட்டமாகச் சுற்றுதல் எனப் பொருள். சியேனா நகரின் குதிரைப் பந்தயம் உலகப் புகழ் பெற்றது. இதுவோ ஏழை உறவினர் வீட்டு விழா. கழுதை தன் விருப்பப்படி நிற்பதும், திரும்பி ஓடுவதும், சவாரி செய்வோனைக் கீழே தள்ளுவதுமே இதன் சுவை. சதுக்கத்தை அடுத்துள்ள அலெமான்னி மாளிகையிலே 2012-இல் நிலவியலும் மண்சரிவும் பற்றிய காட்சியகம் ஒன்றைத் திறந்தனர். தன் நோயைத் தானே படம் வரைந்து காட்டும் ஊர் வேறெங்கேனும் உண்டோ, அறியோம்.

இருபதாம் நூற்றாண்டில் எழுத்தாளர் ஒருவர் இவ்வூரின் கதையில் புகுகிறார். பொனவெந்தூரா தெக்கி என்பது அவர் பெயர். பஞ்ஞோரேஜோவில் 1896-இல் பிறந்தவர். முதல் உலகப் போரில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டு, அச்சிறைமுகாமிலே, பின்னாளில் பெரும் புகழ் பெற்ற எழுத்தாளர் கார்லோ எமிலியோ காத்தாவுடன் இருந்தவர். பின்னர் ஜெர்மானிய இலக்கியப் பேராசிரியரானார், 1968-இல் மறைந்தார். கண்முன் தேய்ந்துகொண்டிருந்த சிவித்தாவுக்குச் 'சாகும் ஊர்' என்று அவர் பெயரிட்டார். அன்பினால் வந்த துயரச் சொல் அது. அச்சொல்லே பிற்காலத்தில் ஊருக்குப் பிழைப்பாகும் என்று அவர் எண்ணியிருக்க மாட்டார்.

1944-இல் பின்வாங்கிச் சென்ற ஜெர்மானியப் படையினர் அப்போதிருந்த பாலத்தைத் தகர்த்துவிட்டுப் போயினர். போருக்குப் பின் ஊர் மேலும் வெறுமையாயிற்று. இளைஞர் வேலை தேடி நகரங்களுக்குச் சென்றனர். 1965-இல் இன்றைய கான்கிரீட் நடைபாலம் கட்டப்பட்டபோது, அதைக் கடந்து வாழ வந்தோரைவிடக் கடந்து வெளியேறியோரே மிகுதி எனலாம். அந்நாளில் அங்கே வந்து இடிந்த வீட்டை விலைக்கு வாங்கிச் செப்பனிட்டவர் ஆஸ்திரா சாரினா என்னும் அமெரிக்கக் கட்டடக் கலைஞர். ரோமாபுரியிலுள்ள அமெரிக்கக் கலைக்கழகத்தின் பரிசைக் கட்டடக்கலைத் துறையில் 1960-இல் பெற்றவர். அதனைப் பெற்ற முதல் பெண்மணியும் அவரே. தம் மாணவரை ஆண்டுதோறும் சிவித்தாவுக்கு அழைத்து வந்து, பழைய சுவரை எங்ஙனம் படிப்பது என்று கற்பித்தார். அவரைப் பின்பற்றி வேறு சிலரும் வீடுகளை வாங்கிப் புதுப்பித்தனர். கூரைகள் தப்பின. ஆனால் அவ்வீடுகளுட் பலவற்றில் ஆண்டு முழுவதும் அடுப்பு எரிவதில்லை.

பிறகு நடந்தது எவரும் எதிர்பாராதது. 2006-இல் உலக நினைவுச்சின்ன நிதியம் அழியும் நிலையிலுள்ள நூறு இடங்களின் பட்டியலில் சிவித்தாவைச் சேர்த்தது. 2010-ஐ ஒட்டி ஆண்டுக்கு 40,000 அளவில் இருந்த பார்வையாளர் தொகை, 2017-இல் எட்டு இலட்சத்தைத் தாண்டிற்று. 2013-இல் பாலத்தில் ஏறுவோரிடம் ஒன்றரை யூரோ கட்டணம் வாங்கத் தொடங்கினர். அது பின்னர் ஐந்து யூரோ வரை உயர்ந்தது. ஓர் ஊருக்குள் நுழையச் சீட்டு வாங்க வேண்டும் என்பதை இத்தாலியர் பலர் அன்று நகைத்தனர். ஆனால் பணம் குவிந்தது. பஞ்ஞோரேஜோ நகராட்சி தன் குடிமக்களுக்கு உள்ளூர் வரிகளையே நீக்கிவிட முடிந்தது. மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் சிவித்தாவை விட்டுச் சென்ற ரோத்தா, இன்று சிவித்தாவால் வாழ்கிறது.

இதனை வெற்றி என்று சொல்வோரை நாம் குறை கூறவில்லை. பாறையைத் தாங்கப் பொருள் வேண்டும். பொறியியலார் பாறைக்குள் நீண்ட எஃகுக் கம்பிகளைச் செலுத்திப் பிளவுகளை இறுக்கியிருக்கின்றனர். அசைவை அளக்கும் கருவிகளைப் பொருத்தியிருக்கின்றனர். அடிவாரத்து ஓடைகளின் அரிப்பைக் குறைக்க அணைகள் இட்டிருக்கின்றனர். இவையெல்லாம் சரிவைத் தாமதப்படுத்துமேயன்றி அடியோடு நிறுத்தா என்பதை அவர்களே ஒப்புக்கொள்வர். இன்று எஞ்சிநிற்கும் மேடையின் நீளம் ஏறத்தாழ 500 அடி. அகலம் 300 அடி. ஒரு பெரிய விளையாட்டுத் திடலுக்குள் அடங்கிவிடும்.

ஆயினும் ஒரு வினா எழாமற் போகாது. நண்பகலில் சதுக்கத்தில் ஆயிரம் பேர் நின்று படம் பிடிக்கின்றனர். மாலை மங்கியதும் பாலத்தைக் கடந்து போய்விடுகின்றனர். அங்கே பள்ளிக்கூடம் இல்லை. காய்கறிக் கடையைவிட நினைவுப் பொருள் கடையும் சிற்றுண்டிச் சாலையும் மிகுதி. கல் நிற்கின்றது, குடி இல்லை. பாறையைக் காக்க ஒதுக்கும் பொருளிலே ஒரு பங்கையேனும், அங்கே பிள்ளை குட்டிகளோடு வந்து குடியேற விரும்பும் குடும்பங்களுக்குச் செலவிட்டிருப்பின், ஊர் வேறு விதமாக இருந்திருக்குமன்றோ? அதிகாரம் பெயர்ந்ததால் வெறுமையான ஊரைப் பாறையைக் கட்டுவதனால் மட்டும் நிரப்ப இயலாது என்பது எமது கருத்து.

இரண்டு ஊருக்கும் இடையே பழைய உறவு இன்னும் அறாத நாள் ஒன்று உண்டு. அது பெரிய வெள்ளிக்கிழமை. அன்று புனித தொனாத்தோ தேவாலயத்திலுள்ள மரச்சுரூபத்தை இறக்கிப் பாடையில் கிடத்தி, தோள்மேல் சுமந்து, பாலத்தைக் கடந்து பஞ்ஞோரேஜோவுக்குக் கொண்டு செல்வர். அங்கே தெருக்களில் பெரும் ஊர்வலம் நடக்கும். நள்ளிரவுக்குள் சுரூபம் சிவித்தாவுக்குத் திரும்பிவிட வேண்டும். தவறினால் அது பஞ்ஞோரேஜோவுக்கே உரியதாகிவிடும் என்பது மரபு. மேற்றிராணியாரின் இருக்கை போயிற்று. 1986-இல் அந்த மறைமாவட்டமே வித்தெர்போவுடன் இணைந்து மறைந்தும் போயிற்று. சுரூபம் மட்டும் ஆண்டுதோறும் அந்த இரவே, செங்குத்தான பாலத்தின் மேல், சுமப்போரின் தோள்களில் ஊர் திரும்புகிறது.